இருக்கா, இல்லையா

மேடையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே, முதல் வரிசையில் இருக்கும், மறைந்த நம் அதிகாரியின் துணைவியார் அவர்களே, வேலை உடையோடு வந்திருக்கும் தோழர்களே, வணக்கம். இந்தப் பம்பு ஆலையின் பயிற்சிப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவன் நான். இதுபோன்ற இரங்கல் கூட்டங்களில் பேசிப் பேசிக் களைத்தும் விட்டேன்.

மறைந்த நம் உற்பத்தித் திட்ட அதிகாரிக்கு 'இருக்கா-இல்லையா' என்று ஏன் பட்டப்பெயர் வைத்தீர்கள்? அவர் பொறுப்பேற்றபோது இருநூறு பம்புகள் வால்வு இல்லாமல் பாதியில் கிடந்தன. நடைபாதையில் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். ஸ்டோர் ஏட்டிலோ வால்வு இருந்தது! மூன்று வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். இரண்டாம் ஷிப்டை மூடப் பேச்சு நடந்தது.

ஸ்டோருக்குப் போனார்.

"அண்ணே, வால்வு இருக்கா?"

"வந்துடும் சார்."

"இருக்கா, இல்லையா?"

"நாளைக்கு லாரி வருது சார்..."

"லாரியையா பம்புல மாட்டப் போறோம்?"

வரவேண்டியதையெல்லாம் வந்ததாக எழுதிவைத்திருந்தோம். அன்றிலிருந்து அவர் அறையில் 'வந்துடும்' செல்லாது. அலமாரி அலமாரியாக எண்ணிய பிறகே வாரத் திட்டம் எழுதினார். எல்லாப் பாகமும் கையில் இல்லாத வேலையை எந்திரத்தில் ஏற்றவிடவில்லை.

"எந்திரம் சும்மா நிக்குதேய்யா!" என்று மேலாளர் கத்தினார். கோபிக்காதீர்கள் ஐயா, கத்தினீர்கள்.

"நிக்கட்டும் சார். பாதிப் பம்பு யாருக்குத் தண்ணி இறைக்கும்?"

எத்தனை ஏச்சு வாங்கினார்! எட்டே மாதத்தில் நடைபாதை தெரிந்தது. சொன்ன தேதியில் சரக்கு போனது. போன மூவரில் இருவர் திரும்பி வந்தார்கள். இரண்டாம் ஷிப்டுத் தோழர்களே, உங்கள் வேலை தப்பியது இப்படித்தான்.

மருத்துவமனையில் அவரிடம், "உடம்பு தேறிடும்" என்றேன்.

"வாத்தியாரே, இதுவும் 'வந்துடும்' கணக்குதான்" என்று சிரித்தார். பிறகு, "திங்கக்கிழமை திட்டம் யாரு எழுதுறா?" என்று கேட்டார்.

"ஆள் வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் போய்ப் பத்து நாள். இன்று இங்கே வரும் வழியில், நடைபாதையில் கிடந்த பாதிப் பம்பில் என் கால் இடித்தது. எண்ணிப் பார்த்தேன், இருபத்தாறு. பத்தே நாளில்!

இந்தக் கூட்டத்தில் உறுதிமொழி எடுக்கப் போகிறோமாம். அவர் இடத்துக்கு ஆள் இருக்கிறாரா? இல்லை. அதை ஒப்புக்கொள்வோம். ஆள் வரும்வரை எண்ணும் வேலையையாவது விடாமல் செய்வோம். காலையில் ஸ்டோர்க்கார அண்ணனிடம் கேட்டேன். "எண்ணிடலாம் சார்" என்றார்.

அண்ணே, திங்கட்கிழமை எண்ணுவீங்களா, மாட்டீங்களா? தலையாட்டினால் போதாது. வாய்விட்டுச் சொல்லுங்கள், முதல் வரிசையில் இருக்கும் அந்த அம்மா கேட்கட்டும்.