வெயில் படாம மூடுன சோலார் பிளேட்டு

தாராபுரத்துல இருந்து கோயமுத்தூருக்கு வந்துட்டிருந்தேன். பஸ்ஸுல கண்ண மூடிட்டாத்தான் எனக்குக் காது நல்லா தெறக்கும். முன்சீட்டுல ஒரு புருசன் பொண்டாட்டி. அவங்க கோழிக்குஞ்சு ஏத்திட்டு வந்த வேன் ஆக்ஸில் ஒடஞ்சு ரோட்டோரமா நிக்குதாம். மெக்கானிக்கக் கூட்டியாரப் போறாங்க.

"ஏனுங்க, என்ஜின் ஓடலீன்னா உள்ள ஃபேன் ஓடுமாங்க? அத்தன குஞ்சும் மூச்சு முட்டிச் செத்துப்போயிருமுங்க."

"ஓடும் அம்மணி. அதுக்குத்தான வேன் மேல சோலார் பிளேட்டு மாட்டியிருக்குது."

"அதும் மேல தார்ப்பாயப் போட்டு இறுக்கிக் கட்டிப்போட்டுத்தானுங்க வந்தேன்."

"என்னது?"

"புதுப் பிளேட்டுங்களே. வெயில்ல வெளுத்துப்போயிராதுங்களா?"

"அட, அது வெயிலத் தின்னுதான் கரண்டே குடுக்குது!"

"சைக்கிள் சீட்டுல இருந்து ஊட்டு டிவி வரைக்கும் மூடி வெய்யி, மூடி வெய்யின்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

எங்கூட்டு ரிமோட்டு இன்னும் பிளாஸ்டிக் கவருக்குள்ளதான் இருக்குது. அதனால நான் சிரிக்கலை.

"அப்ப வெறும் பேட்டரியில ஃபேன் எத்தன நேரம் ஓடுமுங்க?"

"பழசு. அரை மணி நேரம் தாங்குனாப் பெருசு."

"நாம பஸ் ஏறிக் கால் மணி நேரமாச்சுங்களே!"

அவரு எந்திரிச்சுக் கத்தி பஸ்ஸ நிறுத்துனாரு. ரெண்டு பேரும் எறங்குனாங்க. நான் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். அவரு திரும்பி, "உன்னய..."ன்னு ஆரம்பிச்சாரு.

எதுத்தாப்புல வந்த லாரிக்குக் கை காட்டிட்டே அந்தம்மா சொல்லுச்சு: "மொதல்ல ஏறுங்க. வேன்கிட்டப் போனதும் குஞ்சுக கத்தற சத்தம் கேட்டாப் போதுமுங்க. அப்பறம் அங்கயே நின்னு எத்தன வேணாலும் திட்டுங்க."