தாடி வெச்ச ஹீரோ வேணாம்

— தாடி வெச்ச ஹீரோ படத்துக்கு இனிமே நான் போறதா இல்ல. பாத்துக்கோ, இது முடிவு.

— தாடி உன்னை என்னம்மா பண்ணுச்சு?

— மூஞ்சில பாதியைத் தின்னுடுதுடி. அவன் அழுறானா, கொட்டாவி விடுறானான்னு யாருக்குத் தெரியும்? போன வாரம் பாத்த அந்தப் படத்துல வில்லன் மழமழன்னு ஷேவ் பண்ணிட்டு வந்தான் பாரு, அவன் நடிகன். ஒரு வார்த்தை விடாம மனசுல பதிஞ்சுது.

— ஊரே ஹீரோவைத் தலையில தூக்கி வெச்சு ஆடுது. நீ ஒருத்திதான் வில்லனுக்குக் கை தட்டுற.

— தட்டுவேன். என் டிக்கெட், என் கை. அதுக்கு முந்தின வாரம் ஒரு படம். குகைக்குள்ள விளக்கே இல்லாம பேசிக்கிட்டே இருக்கானுங்க. எடுத்தவனைக் கூப்பிட்டு ஒரு டியூப் லைட் வாங்கிக் குடுக்கணும்.

— அதுக்கு விருதெல்லாம் குடுத்திருக்காங்கம்மா.

— குடுத்தவனுக்கும் சேத்து ரெண்டா வாங்கு.

— உன் வாய்க்கு யாரு பதில் சொல்றது! தள்ளு, பாத்திரத்தைத் தேச்சுடுறேன்... அப்புறம்மா, வர்ற வெள்ளிக்கிழமை படத்துக்குப் போகாத. அவரோட அக்கா வர்றாங்க.

— அந்த வேற பாஷைப் படத்தை நம்ம பாஷையில பேச வெச்சு ஓட்டுறானுங்களே, அதுதான் கொடுமையிலும் கொடுமை. ஒரு எழவும் புரியல. இடைவேளையிலயே எந்திரிச்சு வந்துட்டேன்.

— இதோ, இப்படித்தான்! இப்பத் திரும்பி உன் மூஞ்சியைப் பாத்தே கேக்குறேன். நான் சொன்னதைக் காதுலயே வாங்க மாட்டியா?

— என்ன சொன்ன?

— வெள்ளிக்கிழமை போகாதன்னு சொன்னேன். விருந்தாளி வர்றாங்க.

— வரட்டும், நல்லா இருக்கட்டும். நான் போவேன்.

— ரெண்டு வருஷமா இதே கதைதான். அவரு கூப்பிட்டாத் திரும்புறதில்ல. உன் பேத்தி பின்னாடியே கத்திக்கிட்டு ஓடி வர்றா, நீ பாட்டுக்கு நடக்குற. அத்தைக்கு நம்மளைப் பிடிக்கலன்னு அவரு ராத்திரி எல்லாம் புலம்புறாரு. எனக்கே அப்படித்தாம்மா தோணுது.

— தோணுனா தோணட்டும். பாதி ஆயுசை மில்லுல தறி முன்னாடி நின்னு தொலைச்சேன். வாரத்துல ஒரு மேட்னி எனக்கு உண்டு. எந்த மகராசி வந்தாலும் உண்டு.

— சரி விடு, உன்கிட்ட மல்லுக்கட்ட என்னால ஆகாது. நேத்துப் பாத்தியே, அதை நாங்களும் பாத்தோம். கடைசி சீன்ல எனக்குத் துடைக்கத் துடைக்கக் கண்ணீர்.

— எனக்குத் தாங்க முடியாத சிரிப்பு. அக்கம்பக்கத்துல இருந்தவங்க எல்லாம் முறைச்சாங்க. போங்கடின்னு இன்னும் கொஞ்சம் சிரிச்சேன்.

— புருஷன் செத்துக் கிடக்குறான், அவ அவன் மேல விழுந்து கதறுறா. அதுல என்னம்மா சிரிப்பு?

— கதறுனாளா? அடியே, அவ ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுறாடி! அஞ்சுக்கு அப்புறம் ஆறை முழுங்கிட்டு ஏழுக்குப் போயிட்டா. பொணத்து மேல விழுந்து எவளாச்சும் எண்ணிக்கிட்டு இருப்பாளா?

— எண்ணலம்மா. "என்னை விட்டுட்டு எங்க போனே"ன்னு கத்துறா. தியேட்டரே அழுதுச்சு.

— வாயைப் பாத்தேன்டி. சுவரு அளவு வாய். தறிக்கூடத்துல பழகின கண்ணு இது, தப்பே வராது. அந்தச் சத்தத்துல யாரு காதால கேட்டா? நாலு தறி தள்ளி நிக்கிறவ உதட்டை அசைச்சாப் போதும், அவ மாமியார் சண்டை மொத்தமும் எங்களுக்கு வந்து சேந்துடும்.

— சில நடிகைங்களுக்கு நம்ம பாஷை வராதும்மா. கேமரா முன்னாடி சும்மா எண்ணிட்டுப் போயிடுவாங்களாம். அப்புறம் வேற யாராச்சும் குரல் குடுப்பாங்க. வாய் எண்ணியிருக்கும், சரி. ஆனா குரல் கதறுச்சேம்மா. அது எப்படி உனக்கு...

— என்னடி அப்படிப் பாக்குற?

— அந்தக் குரல் உனக்குக் கேக்கலையா?

— தியேட்டர்ல ஸ்பீக்கர் சரியில்ல.

— பொய் சொல்லாத. தாடி வெச்சவன் வேணாம், இருட்டுப் படம் வேணாம், வேற பாஷைப் படம் வேணாம். இப்ப நான் குழாய்ப் பக்கம் திரும்பிப் பேசினது ஒண்ணுமே உனக்கு வந்து சேரல. ஐயோ அம்மா... நாங்க என்னென்னமோ நினைச்சுட்டோமே...

— அழாதடி. அழுதா உதடு கோணிக்கிட்டுப் போவுது, நீ என்ன சொல்றேன்னே புரியல.

— ஏம்மா சொல்லல?

— சொன்னா பாவம்னு மூலையில உக்கார வெப்பீங்க. தனியா ரோட்டைத் தாண்ட விட மாட்டீங்க. அப்புறம் மேட்னிக்கா விடப் போறீங்க?

— டாக்டரைப் பாக்கலாம், காதுக்கு மிஷின் வாங்கலாம். விருந்தாளி வந்தா வரட்டும், இந்த வெள்ளிக்கிழமையே போலாம்.

— சனிக்கிழமை வெச்சுக்கோ. வெள்ளிக்கிழமை எனக்குப் படம்.

— இன்னுமா! காதே கேக்காம அப்படி என்னதாம்மா இருக்கு அங்க?

— இந்த வீட்ல நீ குழாயைப் பாத்துப் பேசுற, உன் புருஷன் போனைப் பாத்துப் பேசுறாரு, பொண்ணு ஓடிக்கிட்டே பேசுறா. அங்க மட்டும்தான்டி, அத்தனை பெரிய முகத்தை வெச்சுக்கிட்டு ஒருத்தன் என்னைப் பாத்துப் பேசுறான்.