அமேலி அம்மா மடக்கிய ஆட்டம்

தலைவர் பலராமன் ஐயா அவர்களே, பெத்தாங் குண்டெறி ஆட்ட மன்றத்து நண்பர்களே, அமேலி அம்மாவுக்கு அஞ்சலி செலுத்த ரெட்டியார்பாளையம் அணியிலிருந்து வந்திருக்கும் சகோதரர்களே!

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அமேலி அம்மாவின் இரும்புக் குண்டுகளைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவினேன். நம் ஊர்க் கடற்காற்றில் ஒரு வாரம் விட்டால் துருவேறிவிடும். பிரான்சிலிருந்து வந்த அவர் மகன் அலெக்சி நேற்றுதான் அவற்றை என்னிடம் கொடுத்தார். தடவி முடித்த பிறகுதான், இனி இவற்றை யார் எறியப்போகிறார்கள் என்று தோன்றியது. அழுதேன்.

பிரெஞ்சு ஆசிரியையாக ஓய்வு பெற்று, பெண்களுக்கென்று ஓர் அணியைக் கட்டியவர் அமேலி அம்மா. அந்த இறுதியாட்டம் நினைவிருக்கிறதா? இலக்கான சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் நம் குண்டு. அம்மா கையில் நம் கடைசிக் குண்டு. இன்னும் நெருக்கமாக எறிவார் என்று எல்லோரும் நினைத்தோம். எறிந்தாரா? இல்லை! சரளைக்கு நடுவே சமமாக இருந்த ஒரே தடத்தில், பாதி வழியிலேயே தன் குண்டை நிறுத்தினார். உருட்ட வழியில்லாமல் எதிரணியான ரெட்டியார்பாளையத்துக் காத்தவராயன் தூக்கி எறிந்தார். குண்டு சரளையில் பட்டு எங்கோ ஓடியது.

“ஏய்ச்சிட்டீங்களேம்மா!” என்றார் அவர்.

“ஏய்க்கலப்பா. உன் கண்ணெதிர்லதான போட்டேன்? மடக்கிட்டேன்னு சொல்லு.”

“எதுவா இருந்தா என்னா, தோத்தது நான்தான!”

“ஏய்ச்சா நாளைக்கு நீ எங்கூட ஆட வரமாட்ட. மடக்கினா வருவ.”

மறுநாள் காலை முதல் ஆளாக வந்து நின்றவர் காத்தவராயன் அண்ணன். அதோ, மூன்றாம் வரிசையில் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார்.

மடக்குவது என்றால் என்ன? எதிராளியின் கண்ணை மறைக்காமல், அவன் கால் வைக்கும் இடத்தை முன்கூட்டியே அறிவது. அவனை முட்டாளாக நினைக்காமல் ஜெயிப்பது. ஆடுகளத்தில் அம்மா அப்படித்தான் வாழ்ந்தார்.

ஆனால் எங்களிடம்? “கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போறீங்க?” என்று கேட்டபோதெல்லாம், “சொந்தக்காரங்க அட்மிட் ஆயிருக்காங்க, பாத்துட்டு வரேன்” என்றார். நம்பினோமே! படுக்கையில் இருந்தது யாருமில்லை. தன் நோய்க்கு ஊசி ஏற்றிக்கொண்டு வந்தது அவரேதான். ஏறிய இடத்தை மறைக்க முழுக்கை ரவிக்கை போட்டு வந்தாரே, அப்போதாவது எங்களுக்கு உறைத்ததா? அம்மா, இது மடக்கியது இல்லை. நீங்கள் எங்களை ஏய்த்துவிட்டீர்கள். என்ன செய்வது, உங்களோடு சண்டை போடவும் இனி முடியாது.

மூன்று பேர் இல்லாமல் அணி இல்லை. அம்மாவோடு ஆடிய பாக்கியலட்சுமியும் ஜொசியானும்தான் மிச்சம் என்பதால், ஞாயிற்றுக்கிழமைப் போட்டியிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று தலைவர் நேற்று சொன்னார். துக்கத்தில் சொன்னார், குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்த வாரம் விலகினால் அடுத்த வாரம் நமக்கென்று ஒரு களம் இருக்குமா? அம்மா கட்டிய அணி அவரோடு போகலாமா?

இத்தனை வருடமாகக் கோட்டுக்கு வெளியே நின்று புள்ளி சொன்னவள் நான். போட்டியில் ஒரு குண்டுகூட எறிந்ததில்லை. வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்: தலைவரே, மூன்றாவது பெயராகச் சுமலதா என்று எழுதிக்கொள்ளுங்கள்.

காத்தவராயன் அண்ணே, முதல் ஆட்டம் உங்களோடுதான். பாவம் பார்த்து ஆடாதீங்க.