புகைக்குழாய் சுத்தமாகத்தான் இருந்தது

அன்று வறுவல் அறையில் இருந்தது மூன்று பேர். நான் பின்கதவை ஒட்டி மடக்கு நாற்காலியில். குழாய் வேலை பார்க்கும் கிறிஸ்துதாஸ், புகைக்குழாயின் வளைவுக்குக் கீழே சாக்கு விரித்துத் தரையில். காப்பிக்கொட்டை வறுக்கும் பாவாடை, இயந்திரத்தின் அடுப்பு வாய்க்கு நேராகத் தன் முக்காலியில். முதலாளி சின்னசேலத்தில் மாட்டிக்கொண்டார். இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் சாலை நெடுக மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

ஆய்வாளர் ஐயா, நான் எழுதுவது தங்கள் அறிக்கையின் ஒரு வரிக்காக. 'குழாயில் கரி அடைத்திருந்ததால் புகை அறைக்குள் திரும்பி, பாவாடை மூச்சுத் திணறி இறந்தார்.' அந்த வரியை வைத்துக் கிறிஸ்துதாஸைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். வரி தவறு. கடையில் நான் குமாஸ்தா என்றாலும் இயந்திரத்தின் பராமரிப்பு என் பொறுப்பு. என் பொறுப்பில் குழாய் ஒருநாளும் அடைத்ததில்லை.

கொட்டை வறுபடும்போது மேல்தொலி உதிரும், எண்ணெய்ப் புகை எழும். விசிறி இரண்டையும் இழுக்கும். தொலி தொட்டியில் விழும், புகை மொட்டைமாடிக் குழாய் வழியாக வெளியே போகும். போகிற வழியில் வளைவுகளில் தார்போல ஒட்டிக்கொள்ளும். நாள்பட்ட ஊத்தை மாதிரி நாறும். அன்று காலையில் கிறிஸ்துதாஸ் அதை முழுக்கச் சுரண்டி எடுத்தான். விசிறி இறக்கைகளை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தான். பிறகு ஊதுவத்தி கொளுத்தி இயந்திரத்தின் வாயருகே பிடித்தான். புகை நூல் பிடித்தாற்போல உள்ளே போயிற்று.

"தீபாவளி உங்களுது, கிறிஸ்மஸ் நம்முளுது. ரெண்டும் தாண்டுற வரைக்கும் இதுல கை வெக்க வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனான். சுரண்டிய கரியைச் சட்டியிலேயே விட்டுப் போனான். நீங்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் குழாய் அடைப்பு என்று எழுதினீர்கள். சட்டியில் இருக்கும் கரி குழாயில் எப்படி ஐயா இருக்கும்?

புகை அறைக்குள் திரும்பினால் மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும். விசிறி, குழாய், மாடியில் குழாயின் வாய். விசிறி ஓடியது. குழாய் சுத்தம். மிச்சம் வாய்.

பாவாடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெற்றிலைச் சாற்றைத் தொலித் தொட்டியில் துப்புவான். மூக்கைத் துடைத்த கையால் கொட்டையை அள்ளி மோந்து பார்ப்பான். பதம் பார்க்க ஒன்றைக் கடித்து, மீதியை ஆறுகிற தட்டிலேயே போடுவான். கேட்டால், "இன்னா சார் நீங்க, நெருப்புல பூந்து வர்றதுக்கு ஏது எச்சி? ஊரே குடிக்குது, உங்க ஒருத்தருக்குத்தான் கொமட்டுது" என்று சிரிப்பான். பல்லிடுக்கெல்லாம் சிவப்பு. முதலாளியிடம் சொன்னேன். அவன் கைப்பக்குவம் யாருக்கு வரும் என்றார். அந்தக் காப்பியைத்தான் நானும் இத்தனை காலம் குடித்தேன். நினைத்தால் இப்போதும் எழுந்து போய் வாய் கொப்பளிக்கிறேன்.

சாதி பார்த்து நான் யாரையும் ஒதுக்கியதில்லை. என்ன ஆட்கள் என்று அவனைக் கேட்டதுகூட இல்லை; கேட்காமலே தெரியும். அவனுக்குத் தனி டம்ளரை ஆணியில் மாட்டியது சுத்தத்துக்காக.

மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வந்த மூட்டைகள் மழையில் நனைந்திருந்தன. அன்றே வறுக்காவிட்டால் பூசணம் பிடித்துவிடும் என்றேன். கடை திறந்திருப்பது தெரிந்தால் கல் விழும் என்று முன்பக்க ஷட்டரை இறக்கிப் பூட்டினோம். வறுக்கும் வாசனை தெருவுக்குப் போனாலும் வம்புதான். நனைந்த சாக்கைக் குழாய் வாயில் கட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். மறைத்துச் செய்யவில்லை.

"பொக உள்ளாறயே சுத்திக்கினு வருமே சார்" என்றான் பாவாடை.

"கொஞ்ச நேரம்தான். பொறுத்துக்கோ."

"நீங்க சொன்னா சரிங்க."

சாக்கை இறுக்கிக் கட்டினேன். இறங்கி வந்து பின்கதவை வெளியே தாழிட்டுவிட்டு, புகை எட்டாத பக்கமாகக் கொல்லையில் உட்கார்ந்தேன். அடுப்புக்கரி அவன் காலடியில் கனன்றுகொண்டிருந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டது. காற்று என்று நினைத்தேன். அன்று காற்று இல்லை.

சத்தம் நின்றபின் சாக்கை அவிழ்த்து, அலசி, வெயிலில் போட்டேன். விசிறி புகையை இழுத்துத் தீர்க்கும்வரை காத்திருந்து கதவைத் திறந்தேன். கதவடியில் கிடந்தான். கடைவாயில் வெற்றிலைச் சாறு ஒழுகியிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. துணி எடுக்க மனம் வராமல் காலால் ஒரு சாக்குத் துண்டைத் தள்ளி மூடினேன்.

பிறகு ஊதுவத்தி வைத்துப் பார்த்தேன். புகை நூலாக உள்ளே போயிற்று. தாங்களும் வந்து வைத்துப் பார்க்கலாம். கிறிஸ்துதாஸை விடுவதும் என்னைப் பிடிப்பதும் தங்கள் விருப்பம். குழாய் அழுக்கு என்ற வரியை மட்டும் அடித்துவிட வேண்டும்.

மறியலால் தபால் போகவில்லை. பாவாடையின் மனைவி ராஜாம்பாள் காலையிலிருந்து வாசலில் நிற்கிறாள். உதவித்தொகைக்கு மனு எழுதித் தரச் சொல்லி வந்தாள். "நீங்க எழுதினா ஞாயம் கெடைக்கும் சார். அந்தாளு உங்களப் பத்தி வூட்ல வந்து பெருமையாத்தான் பேசும்" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இந்தக் கடிதத்தை உறையிலிட்டு ஒட்டி, தங்களிடம் சேர்க்கச் சொல்லி அவளிடமே கொடுத்தனுப்புவேன். முந்தானையை ஏந்திப் பிடிக்கச் சொல்லி, மேலிருந்து போடுவேன்.