எட்டிப் பார்க்காத மாணவர்

செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் எனக்கு எதிரே இரண்டு நண்பர்கள். ஒருவன் கால்களுக்கு நடுவே கிடார் பையை நிறுத்திப் பிடித்திருந்தான். கூடுவாஞ்சேரி தாண்டியதும் அவன் சொன்னதைக் கேட்டுத்தான் நான் செய்தித்தாளை மடித்தேன்.

"கத்துக்காதவங்கதான் மச்சான் எனக்கு சோறு போடறாங்க."

"இன்னாடா ஒளர்ற? நெட்ல கிடார் கத்துத் தர்றேன்னியே?"

"தர்றேன். பாடத்த வீடியோ எடுத்து என் சைட்ல போடறேன். மாசா மாசம் அவங்க கார்டுலேந்து சந்தா தானா வந்துடுது. ஆனா யாரு பாக்கறாங்க, யாரு பாக்கலன்னு எனக்குத் தெரியும். பாதிப் பேரு பாக்கறதே இல்ல."

"துட்டு வருதுல்ல, வுடு. தூங்கறவன ஏன் எழுப்பற?"

"எழுப்பிட்டேன். துபாய்ல ஒருத்தரு, சேந்ததோட சரி, எட்டிக்கூடப் பாக்கல. 'சார், நிறுத்திடட்டுமா?'ன்னு மெயில் போட்டேன்."

"போச்சு. நிறுத்திட்டாரா?"

"இல்ல. கஷ்டத்துல கிடாரையே வித்துட்டாராம். 'ஆனா நிறுத்தாதீங்க தம்பி, சந்தா போற வரைக்கும் நானும் கிடார் கத்துக்கிற ஆளுதான்'னு எழுதினாரு."

நண்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சிங்கப்பெருமாள்கோயிலில் கூட்டம் இறங்கியது. வண்டி கிளம்பிய பிறகுதான் கேட்டான்.

"அப்புறம் இன்னா பண்ண?"

"புதுசா ஒரு பாடம் எடுத்துப் போட்டேன். கம்மி விலையில பழைய கிடாரு பாத்து வாங்கறது எப்பிடின்னு."

"அவரு பாத்தாரா?"

"கடைசி வரைக்கும் பாத்துகீறாரு."