நானூற்றுத் தொண்ணூறாவது டிக்

— அதைக் கீழ வை. அது என் ஜெப விஷயம்.

— கீழதான் கொட்டிக் கிடக்கு. நாளைக்கு ஆராதனைக்குக் கொண்டுபோவீங்களேன்னு உங்க வேதப் புத்தகத்து உறையைத் துடைக்க எடுத்தேன். உள்ளேயிருந்து சீட்டுக்கட்டு மாதிரி சரியுது. இது உங்க லிஃப்ட் கம்பெனி அட்டைதானே?

— மிச்சமானது. வீணாப் போக வேண்டாம்னு எடுத்துக்கிட்டேன்.

— லிஃப்டுக்குள்ள தொங்கவிட்டு, ‘பார்த்தாச்சு, எண்ணெய் போட்டாச்சு’ன்னு டிக் அடிப்பீங்களே, அந்த அட்டை. இதுல மேல என்ன எழுதியிருக்குன்னு நீங்களே படிங்க.

— உனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே.

— ‘அவளை மன்னித்தேன்.’ யாருங்க அந்த அவள்?

— விடேன்.

— இந்த வீட்டுல நானும் நீங்களும்தான். பல்லியைச் சேர்த்தா மூணு பேரு. பல்லி உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையே?

— இந்தா பாரு, முறைன்னு ஒண்ணு இருக்கு. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் குதி.

— சொல்லுங்க. இஸ்திரிப் பெட்டியை அணைச்சுட்டேன்.

— போன வருஷம் பாஸ்டர் பழக்க வகுப்பு ஆரம்பிச்சாரு இல்ல? விசுவாசின்னா ஒரு நல்ல பழக்கத்தைப் பிடிச்சு, அது ஒட்டற வரைக்கும் விடக்கூடாதுன்னாரு. ஒருத்தர் விடியக்கால ஜெபம்னாரு. ஒருத்தர் சிகரெட்டை விடறேன்னாரு. நான் மன்னிப்பை எடுத்துக்கிட்டேன். இருக்கறதுலயே கஷ்டமானது அதுதான்.

— ஓகோ.

— எத்தனை தடவை மன்னிக்கணும்னு ஆண்டவர் சொன்னாரு? ஏழெழுபது. ஏழெழுபது எவ்வளவு?

— நானூத்தித் தொண்ணூறு.

— ஒரு அட்டைக்கு முப்பத்தஞ்சு கட்டம். பதினாலு அட்டை. ஒரு கட்டம் கூடல, ஒரு கட்டம் குறையல. எனக்கே சிலிர்த்துப் போச்சு. ஸ்தோத்திரம்.

— அட கடவுளே! எண்ணிக்கிட்டு இருக்காதேன்னு சொன்ன வார்த்தைங்க அது. சண்டே ஸ்கூல் பிள்ளையைக் கேட்டாக்கூடச் சொல்லும்.

— எண்ணாத வேலை நிக்காது. டிக் போடாத வேலை செய்யாத வேலை. பதினெட்டு வருஷமா என் தொழில்ல நான் பார்த்தது இது.

— எதுக்கு மன்னிச்சீங்க?

— உனக்கே தெரியும்.

— உங்க வாயால சொல்லுங்க.

— பிள்ளைக்காக.

— நம்ம பிள்ளைக்கா?

— அஞ்சு மாசம். வேலைக்குப் போகாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டியா? லிஃப்ட் ஓடலன்னதும் திரும்பி வந்திருக்கலாம். ஆறு மாடி. தைக்கிற துணி மூட்டையையும் தூக்கிக்கிட்டு ரெண்டு தரம் ஏறியிருக்கே.

— டாக்டரம்மா உங்களை எதிர்ல உக்கார வச்சுச் சொன்னாங்க. படியும் காரணமில்ல, மூட்டையும் காரணமில்ல, சில பிள்ளைங்க தங்கறதில்லன்னு. பூம்பூம் மாடாட்டம் தலையை ஆட்டிட்டு வந்தீங்க.

— டாக்டர் ஆயிரம் சொல்வாங்க. மனசு ஒத்துக்கணுமே. அதான் மனசைப் பழக்கினேன். தினம் காலையில முட்டி போட்டு, உன்னை நினைச்சு, மன்னிச்சு, ஒரு டிக்.

— நான் அடுப்பங்கரையில உங்களுக்குத் தண்ணி காய வச்சுக்கிட்டு இருக்கும்போது.

— ஆமா.

— சீ!

— என்ன சீ?

— சோத்துல முடி வந்தா ஒரு வாயோட துப்பிடலாம். ஒன்றரை வருஷமா முழுங்கியிருக்கேன்னு இப்பத்தானே தெரியுது.

— நல்லது செஞ்சா உனக்கு முடி மாதிரித்தான் தெரியும்.

— இது என்ன, இந்த அட்டையில ஒரு கட்டத்துல கேள்விக்குறி?

— அன்னைக்கு மனசு வரல. மறுநாள் ரெண்டு தரம் மன்னிச்சுச் சரிபண்ணிட்டேன்.

— மன்னிப்புக்கு ஓவர்டைம்!

— கிண்டல் பண்ணாதே.

— இந்தத் தேதி என் பிறந்தநாள். செருப்பு வாங்கிக் குடுத்து, நீங்களே குனிஞ்சு மாட்டிவிட்டீங்க. நான் ஒரு பைத்தியக்காரி, ராத்திரியெல்லாம் சந்தோஷமா இருந்தேன். டிக். இது உங்களுக்குக் காய்ச்சல் வந்த வாரம். கட்டில்லயே வாந்தி எடுத்தீங்க, ரெண்டு கையாலயும் அள்ளினேன். அன்னைக்கும் டிக். என் கையில உங்க வாந்தி, உங்க கையில என் மன்னிப்பு!

— நூத்திரெண்டு டிகிரி காய்ச்சல்லயும் விடலையே, அதைப் பாரு.

— இதுல பெருமை வேற. இதுக்கு நாலு அறை விட்டிருக்கலாம் நீங்க. வாங்கிக்கிட்டுத் திருப்பிக் குடுத்திருப்பேன். கடைசிக் கட்டம் ஏன் காலியா இருக்கு?

— அது நாளைக்கு. சபையில வச்சுப் போடணும். பாஸ்டர் என்னைச் சாட்சி சொல்லச் சொல்லியிருக்காரு.

— எல்லார் முன்னாடியுமா?

— பத்து நிமிஷம்தான். பதினாலு அட்டையையும் ஒரு பலகையில ஒட்டி நடுவுல வைக்கப்போறோம். கடைசி டிக்கை எல்லாரும் பார்க்கப் போடுவேன்.

— அவள் யாருன்னு கேப்பாங்களே.

— பேரெல்லாம் சொல்லமாட்டேன். எனக்கு அவ்வளவு விவரம் இல்லையா?

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் போறீங்க. உங்களுக்கு எத்தனை பொண்டாட்டி? பாட்டுக்குழுவுல என்கூட நிக்கிற அத்தனை பேரும் அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க. பிள்ளையைத் தொலைச்சவன்னு இனிமே என்னைப் பார்ப்பாங்க. பக்கத்துல நின்னு எப்படிங்க பாடுவேன்?

— அவங்களுக்கும் பிரயோஜனமா இருக்கும். எத்தனை குடும்பத்துல மன்னிக்க முடியாம தவிக்கிறாங்க!

— போகாதீங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்ககிட்ட எதுக்கும் கெஞ்சினதில்ல. இதுக்குக் கெஞ்சறேன். அந்த அடுப்பைப் பத்த வச்சு இதையெல்லாம் எரிச்சுடலாம். நானும் மறந்துடறேன்.

— வாக்குக் குடுத்துட்டேன். பலகைக்கும் சொல்லியாச்சு.

— சரி, நாளன்னைக்கு?

— நாளன்னைக்கு என்ன?

— நானூத்தித் தொண்ணூறு முடிஞ்சுடுமே. மறுநாள் காலையில என்னைப் பார்த்தா என்ன பண்ணுவீங்க?

— வேற பழக்கம் எடுக்கணும். பொறுமைன்னு ஒண்ணு மனசுல இருக்கு.

— யார்கிட்ட பொறுமை?

— அதை இன்னும் முடிவு பண்ணல.

— அடுத்த பதினாலு அட்டைக்கும் நான்தான்! தூ. உப்புப் போட்டுத்தாங்க நானும் சோறு திங்கறேன்.

— நீ ஒரு தடவை, ஒரே தடவை, ‘தப்புப் பண்ணிட்டேங்க’ன்னு வந்து சொல்லியிருந்தா இத்தனை அட்டை எதுக்கு? மன்னிக்கிறது எவ்வளவு பெரிய பாரம்னு உனக்கென்ன தெரியும்? நீ யாரை மன்னிச்சிருக்கே?

— ஒருத்தரை மன்னிச்சிருக்கேன்.

— எத்தனை நாள் பிடிச்சுச்சு?

— ஒரு நிமிஷம்.

— அதெல்லாம் மன்னிப்பா? அவன் அப்படி என்ன பண்ணிட்டான்?

— சொல்லவேண்டாம்னுதான் இருந்தேன். அன்னைக்குக் காலையில அந்த லிஃப்ட் கதவு பாதி திறந்தபடி நின்னுபோயிருந்துச்சு. உள்ள விளக்கு இல்ல. போன்ல வெளிச்சம் அடிச்சுப் பார்த்தேன். அட்டை தொங்குச்சு. அன்னைக்குத் தேதிக்கு நேரா, ‘பார்த்தாச்சு’ டிக். ‘எண்ணெய் போட்டாச்சு’ டிக். கீழ உங்க கையெழுத்து.

— நீ அதைப் பார்த்தியா?

— அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?

— உபவாசக் கூட்டம். மூணு நாள். போன தடவை போனப்பவே அடுத்த தேதிக்கும் சேர்த்துப் போட்டுட்டு வந்தேன். எல்லாரும் செய்யறதுதான். எனக்கும் பழக்கம்தான், ஒண்ணும் ஆனதில்ல.

— பழக்கம்!

— ஆனா அந்த அட்டை காணாமப் போச்சுன்னாங்களே. கம்பெனியிலேர்ந்து விசாரிக்க வந்தவங்க தேடித்தேடிப் பார்த்துட்டு விட்டுட்டாங்க. ஆண்டவர்தான் என்னைக் காப்பாத்தினார்னு நினைச்சேன். சபையில எழுந்து நின்னு நன்றிகூடச் சொன்னேனே.

— ஆண்டவர் எடுக்கல, நான் எடுத்தேன். கழட்டி, சுக்கலாக் கிழிச்சு, கீழ்மாடிக் கழிவறையில போட்டுத் தண்ணி ஊத்தினேன். அங்க ஒரே நாத்தம். எனக்கோ அஞ்சு மாசமாகியும் மசக்கை விடல. வாயைப் பொத்திக்கிட்டு, எல்லாத் துண்டும் உள்ள போற வரைக்கும் நின்னு பார்த்தேன். உங்க வேலை போயிடக்கூடாதேன்னு. அப்புறம்தான் படி ஏறினேன்.

— ஏன் இத்தனை நாள் சொல்லல?

— ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்ப நீங்க அழுதுக்கிட்டு நின்னீங்க. இந்த மனுஷனுக்கு இதுவே போதும்னு தோணுச்சு. மன்னிச்சேன். டாக்டரம்மா சொன்னதை நம்பினேன். நம்பாம இருந்தா நான் யாரைக் கைகாட்டியிருப்பேன், யோசிச்சுப் பாருங்க.

— நான் நாளைக்குப் போகல. அட்டையை எரிச்சுடறேன். எல்லாத்தையும் எரிச்சுடறேன், குடு.

— எதுக்கு எரிக்கணும்? போங்க. நல்லாப் போங்க. கடைசி டிக்கையும் போட்டுட்டு, இதையும் சேர்த்துச் சொல்லிட்டு வாங்க: அவ உங்களை மன்னிச்சது ஒரே தடவைதான், அதையும் இன்னைக்கு மத்தியானம் திருப்பி எடுத்துக்கிட்டாள்னு.