அம்மா கேட்ட ராக் பாட்டுகள்

வெஸ்ட்லி நிலையத்துக்குப் போகும் மெட்ரோ ரயிலில் எனக்கு முன்னால் ஒரு தாயும், பெரிய பயணப்பெட்டியுடன் அவருடைய மகளும் இருந்தார்கள். தாய் திடீரென்று சொன்னார்:

“நீ கேக்கிற அந்த அமெரிக்க ராக் பாண்ட் இருக்கெல்லோ, அவங்கடை மூண்டாவது அல்பத்திலையிருந்துதான் திறம். முதல் ரெண்டிலையும் சும்மா கத்துறாங்கள்.”

“அம்மா! நீங்கள் எப்ப கேட்டனீங்கள்?”

“நீ என்னோடை கோவிச்சுக்கொண்டு பேர்கனுக்குப் போனாப்பிறகு. உன்ரை அறையிலை அஞ்சு சீடி கிடந்தது.”

“அஞ்சையும் கேட்டனீங்களோ?”

“ஓம். வருசம் போகப்போக அந்தப் பாடகன்ரை குரல் என்னமாய்க் கனிஞ்சு வருது! அஞ்சாவதிலை கித்தாரும் அவனோடை கதைக்கிற மாதிரியெல்லோ கிடக்கு.”

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்ப ஆறாவதும் வந்திட்டுதம்மா.”

“தெரியும். வாங்கி வைச்சிருக்கிறன். நீ இல்லாமல் பிரிக்க மனம் வரேல்லை.”